விடத் தெரிந்த கயிறு

கேட்டமரன் என்ற இரட்டை உடல் பாய்ப்படகை வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். படுக்கையறை எத்தனை, குளியலறை தனித்தனியா, கூரையில் சோலார் தகடு எவ்வளவு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் உண்டா. விளம்பரப் படங்களில் தெரிவதும் இவைதான். அதே படத்தின் மேல் ஓரத்தில் பெரிய பாய் நிற்கும். அந்தப் பாயின் அடியில் கிடையாக நீளும் கழி பூம். பூமின் பின்நுனியிலிருந்து சில கப்பிகள் வழியாக ஒரு கயிறு கீழே இறங்கிவரும். அதைப் பற்றிக் கேட்பவரைக் காண்பது அபூர்வம். மெயின்ஷீட் என்பது அந்தக் கயிறுதான். நம் கடற்கரையில் தாமான் என்று சொல்லும் கயிற்றுக்கு உறவுமுறை.

இந்தக் கயிற்றுக்கு இரண்டு வேலை. பூமை உள்ளே இழுத்துப் பாய்க்கும் காற்றுக்கும் உள்ள கோணத்தைத் தீர்மானிப்பது ஒன்று. பூமைக் கீழே இழுத்துப் பாயின் பின்விளிம்பை இறுக்குவது மற்றொன்று. கீழ்நோக்கிய இழுவை குறைந்தால் பூம் மேலே எழும். பாயின் உச்சி முறுக்கிக்கொண்டு காற்றைக் கொட்டிவிடும். உச்சியில் காற்று சற்று வலுவாகவும் கொஞ்சம் பின்னாலிருந்தும் வீசுவதால் சிறிது முறுக்கு எப்போதும் வேண்டும். கூடிப்போனால் பாயின் மேல்பாதி சும்மா படபடக்கும்.

கயிறு நேர் கீழே இறங்கினால் நன்றாக அமுக்கும். பூம் வெளியே போகப் போகக் கயிறு சரிந்து, உள்ளே இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஆகவே கயிற்றின் கீழ்முனை பூமுக்கு அடியிலேயே கூட நகர்ந்து போனால் நல்லது என்று என்றைக்கோ ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தேம்ஸ் ஆற்றில் செங்கலும் வைக்கோலும் ஏற்றித் திரிந்த பார்ஜ் படகுகளில் அதற்கென்றே தளத்தின் குறுக்கே ஒரு தடித்த மரக்கட்டை உண்டு. பாயின் கயிற்றுக் கப்பி அதன்மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடித்துக்கொண்டே ஓடும். வேறு படகுகளில் அதே இடத்தில் இரும்புக் கம்பி. இரண்டுக்கும் ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயர் குதிரை. இன்று டிராவலர் என்று விலை சொல்லி விற்கப்படும் அலுமினியத் தண்டவாளத்தின் பாட்டன் அதுதான்.

அந்தக் காலத்துக் கயிறு சணல் வகை நாரில் முறுக்கித் தார் பூசியது. இங்கிலாந்தின் சாத்தம் கப்பல்துறையில் 1786க்கும் 1791க்கும் இடையில் கட்டிய கயிற்றுக்கூடம் இன்னும் நிற்கிறது; உள்ளே இன்றும் கயிறு திரிக்கிறார்கள். அதன் நீளம் 346 மீட்டர். நூலை முறுக்க முறுக்க நீளம் சுருங்கும். நீளமான ஒரே கயிறு வேண்டுமானால் அதைவிட நீளமான கூரை வேண்டும். நனைந்தால் விறைக்கும், காய்ந்தால் தளரும், உள்ளே ஈரம் தங்கினால் மக்கும். இந்தக் குணங்களோடுதான் மாலுமிகள் பல நூற்றாண்டு குடித்தனம் நடத்தினார்கள்.

கப்பியின் கதை இதைவிடச் சுவையானது. 74 பீரங்கி ஏற்றிய ஒரு போர்க்கப்பலுக்கு ஏறக்குறைய ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. எல்லாவற்றையும் கையால் கடைந்துகொண்டிருந்தார்கள். நெப்போலியனோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பிப் பஞ்சமே வந்துவிட்டது. பிரான்சிலிருந்து தப்பி வந்த மார்க் புரூனெல் ஒரு திட்டம் போட்டார். ஹென்றி மாட்ஸ்லே இயந்திரங்களைச் செய்தார். போர்ட்ஸ்மவுத்தில் 1803 முதல் அவை ஒவ்வொன்றாக நிறுவப்பட்டன. ஓர் இயந்திரம் எல்ம் மரத் துண்டில் துளையிடும். அடுத்தது அந்தத் துளையை நீட்டிக் கயிறு புகும் பள்ளமாக்கும். இன்னொன்று வெளிப்புறத்தை உருட்டும். உள்ளே சுழலும் சக்கரம் லிக்னம் வைட்டே என்ற கரீபிய மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனமானது. தனக்குள்ளேயே பிசின் எண்ணெய் வைத்திருப்பதால் தனியாக மசகு கேட்காது. 110 பேர் செய்த வேலையைப் 10 பேர் செய்தார்கள். 1808இல் ஓர் ஆண்டில் வெளிவந்த கப்பிகள் 1,30,000. ஒன்றைப் போலவே இன்னொன்றை உலோக இயந்திரங்களால் பெருமளவில் செய்யும் முறை உலகில் வேரூன்றிய இடங்களில் இதுவும் ஒன்று. நீராவியும் நூற்பாலையும் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்த அளவுக்குக் கப்பி பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கப்பியில் பெரிய மாறுதல் இல்லை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பீட்டர் ஹார்க்கன் என்ற இளைஞர் கப்பிச் சக்கரத்துக்குள் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்தார். எஃகுக் குண்டைவிட எடை குறைவு. உப்புத்தண்ணீரில் துருவும் பிடிக்காது. அவரும் தம்பி ஓலாஃபும் தொடங்கிய நிறுவனம் இன்று படகுலகில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

குண்டுகளால் என்ன லாபம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பாகமாகக் கோத்த கயிறு ஏட்டளவில் ஆறு மடங்கு பலம் தரும். ஒவ்வொரு சக்கரத்திலும் பத்து சதவீதம் உராய்வில் போகிறது என்று வைத்துக்கொண்டால், கைக்குக் கிடைப்பது நான்கு மடங்கைக் கொஞ்சம் தாண்டும். உராய்வு மூன்று சதவீதமானால் ஐந்தரை மடங்குக்கு அருகில் வந்துவிடும். இழுக்கும்போது தெரியும் இந்த வித்தியாசம் விடும்போது இன்னும் அதிகம் தெரியும். உராய்வு கூடிய கப்பியில், காற்று குறைவாக இருக்கும்போது கயிற்றை விட்டாலும் பூம் வெளியே போகாமல் முரண்டு பிடிக்கும். கையால் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

நாரின் காலம் 1941இல் முடியத் தொடங்கியது. காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற மான்செஸ்டர் துணி அச்சகக் கூட்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினார்கள். டெரிலீன் என்ற பெயரில் அது நம் ஊர்ச் சட்டைக்கு வந்தது பிறகு. கடலுக்குப் போன பாலியெஸ்டர் அங்கேயே நிலைத்துவிட்டது. அதற்குமுன் வந்த நைலான் இழுத்தால் நன்றாக நீளும். நங்கூரக் கயிற்றுக்கு அந்தக் குணம் வரம், பாயைப் பிடிக்கும் கயிற்றுக்குச் சாபம். பாலியெஸ்டர் கொஞ்சமே நீளும், ஈரத்தில் மக்காது, வெயிலைத் தாங்கும், கைக்கும் இதமானது.

கயிறும் கப்பியும் தண்டவாளமும் தயாராகிவிட்டன. இனி படகு.

கேட்டமரன் என்ற பெயர் கட்டுமரத்திலிருந்து போனது என்பது தமிழர் எல்லோரும் அறிந்த பெருமை. ஆனால் அந்தப் பெயரைச் சுமக்கும் இரட்டை உடல் படகு பசிபிக் தீவினரின் சொத்து. அவர்கள் நண்டுக்கொடுக்கு வடிவப் பாயோடு தீவு தீவாகக் குடியேறிய பெருங்கடலை அளக்க ஐரோப்பியர் வந்தது மிகப் பிந்தி. அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் 1876இல் அமரிலிஸ் என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் இறக்கினார். மற்றவர்களை எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போனது. தோற்றவர்கள் இதெல்லாம் படகே இல்லை என்று மனுப் போட்டார்கள், மனு ஜெயித்தது. அடுத்த ஆண்டு ஹெரஷாஃப் காப்புரிமை வாங்கினார். பந்தயக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1976இல், ஹொகுலேயா என்ற பாலினீசிய இரட்டைப் படகு மைக்ரோனீசிய மாலுமி மவு பியைலுக் வழிகாட்ட, கருவி எதுவுமில்லாமல் ஹவாயிலிருந்து தாஹிதி போய்ச் சேர்ந்தது. நடுவில் இருந்த நூறு ஆண்டில் வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் ஏற்கெனவே ஒரு சமூகம் கையில் வைத்திருந்த அறிவு.

ஒற்றை உடல் படகுக்கு அடியில் ஈயக்கனம் உண்டு. காற்று பலத்தால் படகு சாயும். சாயச் சாயப் பாயின் மீதுள்ள அழுத்தம் குறையும். ஈயம் நிமிர்த்தப் பார்க்கும். மேசைமேல் இருந்த கோப்பை சரியும், சமையலறையில் இருப்பவர் திட்டுவார். பாயைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு வேறு மணியோசை வேண்டாம். கேட்டமரன் அப்படிச் சாயாது. அகலத்தினாலேயே நிற்கிறது, கோப்பையும் நிற்கும். காற்று கூடும்போது அந்த பலம் முழுக்கக் கயிற்றுக்கும் கம்பிக்கும் போகும். 12 மீட்டர் நீளப் படகில் 60 சதுர மீட்டர் பாய் இருப்பதாகக் கொள்வோம். 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) காற்று அதன்மேல் தோராயமாக 400 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 30 நாட்டில் அது 900 கிலோ ஆகிவிடும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் பலம் இரண்டேகால் மடங்கு. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வீசும் பக்கத்து உடல் தண்ணீரைவிட்டு எழும் கட்டத்தில்தான் படகின் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டிச் சாய்ந்தால் எதிர்ப்பு கூடாது, குறைந்துகொண்டே போகும். கவிழ்ந்த கேட்டமரன் தலைகீழாக இருப்பதிலும் முன்பைப் போலவே உறுதியாக இருக்கும். பயண கேட்டமரன்கள் கவிழ்வது அரிது என்பது உண்மைதான். கனமாகவும் அகலமாகவும் கட்டுகிறார்கள், பாயும் அளவோடுதான். ஆனாலும் இத்தனை நாட் வந்தால் பாயைக் குறைக்க முதல் மடிப்பு, இத்தனைக்கு இரண்டாவது என்று கையேட்டில் அட்டவணை போட்டுத் தருகிறார்கள். உடம்பு சொல்ல வேண்டியதை எண் சொல்கிறது.

இன்னொரு மாற்றமும் கயிற்றின் தலையில் விழுந்தது. ஒற்றை உடல் படகில் பாய்மர உச்சியிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு கம்பி இறங்கும். அது பாய்மரத்தைப் பின்னால் இழுத்து முன்கம்பியை இறுக்கும். இன்றைய கேட்டமரன்களில் அந்தப் பின்கம்பி கிடையாது. பக்கக் கம்பிகளைப் பின்தள்ளிக் கட்டிச் சமாளிக்கிறார்கள். கம்பி தடுக்காது என்று தெரிந்ததும் பாய் தைப்பவர்கள் பாயின் பின்விளிம்பை வெளியே வளைத்து, உச்சியைச் சதுரமாக வெட்டி, குறுக்கே முழுநீளப் பட்டைகள் செருகிவிட்டார்கள். காணாமல்போன பின்கம்பியின் வேலையில் பெரும்பங்கு இப்போது பாயின் பின்விளிம்புக்கு வந்துவிட்டது. அதை இறுக்கிப் பிடிப்பது மெயின்ஷீட். தேம்ஸ் பார்ஜில் பாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கயிறு, இங்கே பாய்மரம் நிற்பதற்கும் தோள் கொடுக்கிறது.

இந்தப் பாரத்துக்கு மனிதர்கள் கண்ட விடைகள் பலவிதம். இங்கிலாந்தின் கேன்வே தீவில் ரோலண்ட், ஃபிரான்சிஸ் என்ற ப்ரவுட் சகோதரர்கள் 1950களில் இரண்டு கயாக் உடல்களை மூங்கில் வைத்துக் கட்டித் தொடங்கினார்கள். பின்னாளில் அவர்கள் கட்டிய பயணப் படகுகளில் பாய்மரத்தை நன்றாகப் பின்னால் தள்ளி நட்டார்கள். பெரிய பாய் சிறிய பாயாகிவிட்டது, முன்பாய்தான் பெரிது. அதைச் சுருட்டிவிட்டால் படகு அடங்கிவிடும். மெயின்ஷீட்டைத் திருத்துவதற்குப் பதிலாக அதன் பாரத்தையே குறைத்தார்கள். அழகில் தோற்ற யோசனை. அறிவில் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மான்செஸ்டர்காரரான ஜேம்ஸ் வார்ரம் இன்னொரு வழி. ஏழு மீட்டருக்குச் சற்றே நீளமான தங்காரோவா என்ற கேட்டமரனைக் கையால் கட்டி, 1955இல் ரூத், யூட்டா என்ற இரு ஜெர்மானியப் பெண்களோடு ஃபால்மவுத்திலிருந்து கிளம்பி அடுத்த ஆண்டு டிரினிடாட் சேர்ந்தார். உடல்களைப் போல்ட்டால் இறுக்காமல் கயிற்றால் பிணைப்பது அவர் பிடிவாதம். அதில் மட்டும் நம் கட்டுமரத்தோடு உறவு சொல்லலாம். அவர் பின்னர் வடிவமைத்த டிக்கி வகைச் சிறு படகுகள் பலவற்றில் பாய்க்கு அடியில் பூமே இல்லை. கயிறு நேராகப் பாயின் மூலைக்குப் போகும். தலையை அடிக்கக் கட்டையே இல்லாதபோது அதைப் பற்றிப் பயமும் இல்லை. காற்று பின்னாலிருந்து வரும்போது பாய் விரிந்து நிற்காது என்பதுதான் அதற்கு விலை.

சந்தைக்கு வந்தது வேறு படகு. ஃபௌண்டேன் பஜோ 1976இலும் லகூன் 1984இலும் பிரான்சில் தொடங்கின. வாடகைக்குப் படகு விடும் தொழில் பெருகப் பெருக, அறை கூடியது, தளம் உயர்ந்தது. பின்புறத் தளத்தில் சாப்பாட்டு மேசை வந்தது. மேசைக்கு மேல் கூரை வந்தது. கூரைக்கு மேல் பூம் ஏறிக்கொண்டது. சில படகுகளில் கூரை மேலேயே இன்னொரு மாடி. மெயின்ஷீட் கட்டுகிற இடம் இதற்கெல்லாம் வளைந்துகொடுத்தது. இன்று ஒருவர் முன்னால் இருக்கும் தேர்வில் பெரும்பகுதியைத் தீர்மானித்தது காற்று அல்ல, சாப்பாட்டு மேசை.

முதல் வகை, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் நான்கைந்து மீட்டர் நீளத் தண்டவாளம். அதன்மேல் குண்டுகளில் உருளும் வண்டி. மெயின்ஷீட் பூம் நுனியிலிருந்து அந்த வண்டிக்கு இறங்கும். வண்டியை இரு பக்கமும் இழுக்கத் தனிக் கயிறுகள். கேட்டமரனின் அகலம் வீணாகாத ஒரே இடம் இது என்பேன். ஒற்றை உடல் படகுக்காரர் ஒரு மீட்டர் தண்டவாளத்தோடு திருப்திப்பட, இங்கே பூம் எவ்வளவோ தூரம் வெளியே போகும்வரை வண்டி அதன் அடியிலேயே கூடப்போகும். கீழ்நோக்கிய இழுவை குறையாது. எதிர்க்காற்றில் போகும்போது திடீரென்று ஒரு வீச்சு வந்தால் வண்டியை மட்டும் ஒரு மீட்டர் இறக்கினால் போதும். பாயின் வடிவம் கெடாமல் அதன் முகம் மட்டும் திரும்பும்.

வேகமாகப் பாய் மாறும் நொடியில்தான் இதன் கெட்ட குணம் தெரியும். காற்று பின்னாலிருந்து வரும்போது படகு தவறாகத் திரும்பினால், பாயின் மறுபக்கத்தில் காற்று புகுந்து பூம் முழு அகலத்தையும் ஒரே வீச்சில் கடக்கும். ஜைப் என்பார்கள். வண்டி கட்டப்படாமல் இருந்தால் அதுவும் தண்டவாளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து முட்டும். வழியில் கை இருந்தால் விரல் போகும். அதனால் திரும்பும் முன்பு வண்டியை நடுவில் நிறுத்தி இரு பக்கக் கயிறுகளையும் கட்டி, மெயின்ஷீட்டை முழுக்க உள்ளே இழுத்து, பிறகு சுக்கானைத் திருப்பி, பூம் மாறியதும் கயிற்றை விடுவார்கள். இந்த வரிசை தப்பக் கூடாது. பகலில், நான்கு பேர் இருக்கும்போது எளிது. நள்ளிரவில் ஒருவர் மட்டும் விழித்திருக்கும்போது எளிதல்ல.

இரண்டாம் வகையில் தண்டவாளமே இல்லை. பூமிலிருந்து இரண்டு தனி மெயின்ஷீட்கள், வலது உடலுக்கு ஒன்று, இடது உடலுக்கு ஒன்று. பூம் இடப்பக்கம் வெளியே இருந்தால் இடக்கயிறு நேர் கீழே இழுத்து முறுக்கை அடக்கும். வலக்கயிறு அது மேலும் போகாமல் பிடிக்கும். தவறித் திரும்பினாலும் இடக்கயிறு பூமை உடனே ஓடவிடாது. பின்தளத்தின் நடுவில் எதுவும் ஓடாது. குழந்தைகள் அங்கே விளையாடலாம். செலவும் குறைவு. எதிர்க்காற்றில் ஏறும்போதுதான் இதன் பலவீனம்: பூமைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவருவதும் பின்விளிம்பை இறுக்குவதும் ஒன்றோடொன்று முட்டும். மேலும் எந்தக் கயிற்றில் இப்போது பாரம் என்பது ஒவ்வொரு திருப்பத்திலும் மாறும். அவசரத்தில் தவறான கயிற்றை விட்டுவிட்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்பது இந்த வகைக்கே உரிய விபத்து.

மூன்றாவதாக ஒன்று உண்டு: கயிற்றைப் பூமின் நுனியில் கட்டாமல் நடுவில் கட்டிக் கூரைமேல் இறக்குவது. தளம் சுத்தமாக இருக்கும். நெம்புகோல் கணக்குப்படி, கட்டும் தூரம் பாதியானால் கயிற்றின் இழுவை இரட்டிப்பு. பூமும் வளையப் பார்க்கும். கூரை அந்த இழுவையைத் தாங்கும்படி கட்டியிருக்க வேண்டும். இடமில்லாதவர்கள் செய்துகொள்ளும் சமரசமாகவே இதைப் பார்க்கிறேன்.

பெரும்பாலும் இந்த வாதங்கள் இழுப்பதைச் சுற்றியே ஓடுகின்றன: எத்தனை பாகக் கப்பி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் மின்சாரத்தில் ஓடுமா, ஒரு பெண் தனியாக இழுக்க முடியுமா (இந்தக் கேள்வியைப் பெண்களைவிட ஆண்களே அதிகம் கேட்கிறார்கள்). இழுப்பது அவசரமான வேலையே அல்ல. இரண்டு நிமிடம் கூடுதலானால் படகு கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். விடுவதில்தான் உயிர் இருக்கிறது. மேலே சொன்ன ஆறு பாகக் கப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பவர் கைக்கு அது வரம். ஆனால் பூமின் நுனி மூன்று மீட்டர் வெளியே போக வேண்டுமென்றால் 18 மீட்டர் கயிறு அத்தனை சக்கரங்களுக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். கீழே குவிந்து கிடக்கும் 18 மீட்டரில் எங்காவது ஒரு சுருக்கு விழுந்திருந்தால் அது கப்பி வாயில் போய்ச் சிக்கும். பாகம் கூடக் கூட இழுப்பு இலேசாகும், விடுதலை தாமதமாகும். நான்கு பாகமும் நல்ல வின்ச்சும் போதும் என்பது என் கட்சி.

மின்சார வின்ச்சில் பொத்தானை அழுத்தினால் இழுக்கும். மறு பொத்தானை அழுத்தினால் விடும் வகையும் வந்துவிட்டது. வயதானவர்கள் கடலை விடாமல் இருப்பதற்கு இது செய்த உதவி பெரிது. ஆனால் அது தன் வேகத்தில்தான் விடும். காற்று மோட்டாருக்காகக் காத்திருப்பதில்லை. சாய்மானத்தையும் இழுவையையும் உணர்ந்து, அளவு மீறினால் கயிற்றைத் தானே விட்டுவிடும் கருவிகளைப் பந்தயப் படகுகளில் வைக்கிறார்கள். பெரும்பாலான பயணப் படகுகளில் இன்னும் மனிதக் கைதான்.

எந்த நிலைமைக்காக இதையெல்லாம் யோசிக்க வேண்டும்? பின்காற்றில் போகும் இரவு ஒன்று. காற்று 20 நாட், படகு 8 நாட். தளத்தில் நிற்பவர் முகத்தில் உணர்வது வெறும் 12. சுகமான இரவு என்று நினைப்பார். இருட்டில் ஒரு மழைமேகம் வருகிறது. பாயைக் குறைக்கப் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்புகிறார். திரும்பியதும் 12 என்று உணர்ந்தது 20 ஆகிறது, பாயின் மேல் பலம் ஏறக்குறைய மூன்று மடங்கு. மழைமேகம் கொண்டுவரும் காற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த நிமிடத்தில் அவர் கை எந்தக் கயிற்றுக்குப் போகும், அது எங்கே கட்டியிருக்கிறது, சுக்கானைவிட்டு நகராமல் எட்டுமா, பாரத்தோடு இருக்கும்போது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டின் நாக்கைத் திறக்க முடியுமா? தண்டவாளமா இரட்டைக் கயிறா என்பதைவிட இந்தக் கேள்விகளுக்குத்தான் முதலில் பதில் வேண்டும். நீண்ட பயணத்துக்குப் போகிற, எதிர்க்காற்றில் நேரம் செலவிடப் போகிற தம்பதிக்கு நீளத் தண்டவாளத்தைச் சொல்வேன், இரண்டு பக்கக் கயிறுகளும் சுக்கானருகே வருமென்றால். பருவக்காற்றின் முதுகில் தீவு தீவாகப் போகிற குடும்பத்துக்கு இரட்டைக் கயிறே போதும்; ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம் வாங்கினால் இன்னும் நல்லது.

உண்மையில் புதுப்படகு வாங்குபவருக்கே இதில் குரல் குறைவு. தளத்தை வரைந்தவர் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். பழைய படகு வாங்கியவருக்கு மிஞ்சுவது கப்பியும் கிளீட்டும் கயிறும். கயிற்றுக் கடையில் அவரை ஒரு ஆசை பிடித்துக்கொள்ளும். நெதர்லாந்தில் டிஎஸ்எம் நிறுவனத்தில் 1979இல் பிறந்த டைனீமா இழை அங்கே இருக்கும். அதே தடிமன் எஃகுக் கம்பிக்கு ஈடான வலிமை, நீட்சி ஏறக்குறைய இல்லை, தண்ணீரில் மிதக்கும். பாயை ஏற்றும் கயிற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. மெயின்ஷீட்டுக்கு வேண்டாம் என்பேன். பூம் வீசி நிற்கும் அதிர்ச்சியைக் கயிறு கொஞ்சம் நீண்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் அது கப்பியின் ஆணிக்கும் பூமின் பொருத்துக்கும் போகும். வலிமை இருக்கிறதே என்று மெல்லிசாக வாங்கினால் கையில் பிடி நிற்காது, வின்ச்சின் பல்லும் கவ்வாது. 150 டிகிரிக்குக் கீழேயே உருகும் இழை அது. மேலுறை தேய்ந்துபோன கயிற்றை வின்ச்சில் வேகமாக வழுக்கவிட்டால் பளபளவென்று இறுகிவிடும். 1941ஆம் ஆண்டின் பாலியெஸ்டரை, 12 மில்லிமீட்டர் பின்னல் கயிறாக, இந்த இடத்திலிருந்து இன்னும் யாராலும் நகர்த்த முடியவில்லை.

பழைய நார்க்கயிற்றுக்கு முதுமையிலும் பிழைப்பு இருந்தது. பிரித்துப் பஞ்சாக்கித் தார் சேர்த்துப் பலகை இடுக்குகளில் அடைத்தார்கள். பிரிட்டனில் அந்தப் பிரிக்கும் வேலையைக் கைதிகளுக்கும் ஏழை விடுதிக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். விரல் நகம் பிய்ந்துபோகும் வேலை. பாலியெஸ்டர் மெயின்ஷீட் அப்படி எதுவும் ஆவதில்லை. உப்பேறி விறைத்தால் நல்ல தண்ணீரில் ஊறவைப்பார்கள். எப்போதும் ஒரே இடம்தான் கப்பியில் தேயும் என்பதால் சில பருவம் கழித்து முனை மாற்றிக் கோப்பார்கள். அதுவும் முடிந்தால் படகுத்துறையில் கட்டும் கயிறாகப் பதவி இறங்கும்.

புதியதற்கு அளவு எடுப்பதில் ஒரு சூட்சுமம். கடையில் மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். படகு துறையில் நிற்கும்போது பூம் நடுவில் இருக்கும். அதை வைத்து அளந்தால் கயிறு பூம் பாதி வெளியே போவதற்குள் தீர்ந்துவிடும். காற்றில்லாத நாளில் பூமைப் பக்கக் கம்பி தொடும் அளவுக்குத் தள்ளி, அங்கிருந்து எத்தனை பாகமோ அத்தனையும் அளந்து, வின்ச்சுக்குப் போகும் வழியையும் வின்ச்சில் நான்கு சுற்றையும் கையில் பிடிக்கும் வாலையும் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர் கூட்டி வாங்கினால், தேய்ந்த முனையை வெட்டிவிட்டுத் திருப்பிக் கோக்கும்போதும் போதும்.